வண்டிகளைக் கண்டபோது

என் வேலையே நம்பாமல் இருப்பதுதான். வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். யாராவது காரை எங்காவது இடித்துவிட்டு க்ளைம் போட்டால், நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, நாலு பக்கமும் படம் எடுத்து, இவர் சொல்கிறபடிதான் இடித்ததா, இல்லை போன தீபாவளிக்கு முன்னாலேயே நசுங்கிய பம்பரை இந்தக் கணக்கில் மாற்றப் பார்க்கிறாரா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பதினேழு வருஷமாகச் சென்னையில் இதைச் செய்கிறேன். க்ளைம் படிவங்களில் குறுக்கே வந்த நாய்களையும் மாடுகளையும் மட்டும் கூட்டிக் கணக்குப் போட்டால் இந்த ஊரில் மனுஷன் நிற்க இடம் இருக்காது.

பொய் சொல்ல வருகிறவரிடம் எல்லாம் தயாராக இருக்கும். படம் இருக்கும், பில் இருக்கும், பார்த்த சாட்சி பக்கத்திலேயே நிற்பார். நிஜமாக அடிபட்டவர்தான் தடுமாறுவார். மணியை மாற்றிச் சொல்வார், இடது வலது குழம்புவார், கடைசியில் "நீங்க நம்பமாட்டீங்க சார், ஆனா அதுதான் நடந்துச்சு" என்பார். ஒருமுறை ஒருவர், நிறுத்தி வைத்திருந்த காரின் மேல் மயில் வந்து விழுந்து கண்ணாடி உடைந்தது என்றார். சிரித்துவிட்டேன். வைப்பரில் ஒரு இறகு சிக்கியிருந்தது. இறகு பத்து ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் என்பதால் அதையும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கேமராவில் அந்த மயில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிப்பட்ட நான் ஒரு கிறிஸ்தவன். தூத்துக்குடி மாவட்டத்தில், தேரி மணலை ஒட்டிய ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்தவன். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் சங்கம், அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி விடிய விடிய வெங்காயம் உரிப்பது என்று எல்லாம் முறைப்படி நடந்தது. செத்துப்போன ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து வந்தார் என்கிற செய்தி, அதுவே ஒரு க்ளைமாக என் மேஜைக்கு வந்தால் டீ ஆறுவதற்குள் நிராகரித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன், ஆனால் என் பெயர் வைத்தது, என் கல்யாணம், எங்கள் வீட்டுச் சாவுகள் எல்லாமே அந்த ஒரு செய்தியை நம்பித்தான் நடந்திருக்கின்றன. இதில் மழுப்பவும் வழியில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். நல்ல போதனை, நல்ல மனிதர், அது போதுமே என்று ஒதுங்கலாம் என்றால் அந்தக் கதவை அவரே சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

2016 டிசம்பரில் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்னது எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. யாரோ சொல்லி வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூட கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன். அம்மாவின் தலையில் எண்ணெய் பூசி, கண்ணை மூடி, கொஞ்சநேரம் எங்களுக்குப் புரியாத பாஷையில் பேசிவிட்டு, "இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவானதல்ல என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். யோவான் 11-ஆம் அதிகாரத்தில் லாசருவைப் பற்றி வருகிற வார்த்தை அது. அந்த லாசரு முதலில் செத்துத்தான் போனான் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஈஸ்டருக்கு அம்மா கோயிலுக்கு நடந்து வருவார்கள் என்று நாள் குறித்துக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவர் வாயால் சொல்லவில்லை, அதில் கெட்டிக்காரர். விசுவாசத்தில் பாதி, மாத்திரையில் பாதி என்று கர்த்தரிடம் பேரம் பேசாதிருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டு போனார். கவரைக் கொடுத்தவன் நான். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அம்மா வலி மாத்திரையைத் தொடவில்லை. பதினோரு நாள். தலையணையைக் கடித்துக்கொண்டு, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முனகிக்கொண்டு. பன்னிரண்டாம் நாள் அப்பா அழுதுகொண்டே மாத்திரையை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

மார்ச் மாதக் கடைசியில் அம்மா போய்விட்டாள். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த ஊழியக்காரருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருந்திருக்கிறது தம்பி" என்றார். வண்டி ஓடாததற்குப் பின்சீட்டில் இருந்தவன்மேல் தப்பு என்று இத்தனை வருஷத்தில் நான்கூட ஓர் அறிக்கை எழுதியதில்லை.

அதோடு கோயிலுக்குப் போவதை விட்டேன். நாத்திகனாகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அதற்கு ஒரு தெம்பும் படிப்பும் வேண்டும், எனக்கு இருந்தது வெறும் அலுப்பு. சபையின் மற்ற சங்கதிகள் அந்த அலுப்புக்கு உரம் போட்டன. எங்கள் பக்கத்தில் திருமண்டலத் தேர்தல், அதாவது சபைகளின் நிர்வாகத் தேர்தல், வந்தால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாமாலைப் புத்தகத்தைப் பகிர்ந்து பாடியவர்கள் இரண்டு அணியாகி, பேச்சுவார்த்தை நின்று, கடைசியில் கோர்ட்டு வாசலில்தான் சந்தித்துக்கொள்வார்கள். நான் கல்யாண வீடுகளில் பந்தலோடு நின்றுகொள்வேன். துக்க வீடுகளில் ஐயர் ஜெபிக்கும்போது (எங்கள் ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்) செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2021-இல் அப்பாவுக்குக் கண்புரை முற்றி வாசிக்க முடியாமல் போனது. கொரோனாவுக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் சென்னையிலிருந்து போனில் ஓர் அதிகாரம் வாசிப்பேன், அவர் ஊரில் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பார். ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்தோம். நம்பிக்கை இருக்கிற கிழவருக்கு நம்பிக்கை போன மகன் வேதம் வாசித்துக் காட்டுகிற ஏற்பாடு. அவருக்குத் தெரியும். கேட்டுக்கொள்ளவில்லை.

யோசேப்பின் கதை எங்கள் ஆட்களுக்குத் தாலாட்டு மாதிரி, எப்போது கேட்டோம் என்று தெரியாமலே தெரிந்திருக்கும். பத்து அண்ணன்மார்கள் பதினேழு வயதுத் தம்பியை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டு, அவனுடைய பலவருண அங்கியை ஆட்டு இரத்தத்தில் தோய்த்து அப்பன் யாக்கோபிடம் அனுப்புகிறார்கள். "இது உம்முடைய குமாரன் அங்கியோ, அல்லவோ, பாரும்." எப்பேர்ப்பட்ட வார்த்தை. செத்துவிட்டான் என்று அவர்கள் சொல்லவே இல்லை. ஆதாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு முடிவை அப்பனே சொல்லும்படி விட்டுவிட்டார்கள். யாக்கோபு ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கே கிடந்தது, எலும்பு எங்கே, கிழித்துத் தின்ற மிருகம் அங்கியை மட்டும் எப்படி இப்படி விட்டுவைத்தது, ஒன்றும் இல்லை. துஷ்டமிருகம் பட்சித்துப்போட்டது என்று தானே கதையைச் சொல்லி முடித்து, வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். (இவனும் ஒரு காலத்தில் வெள்ளாட்டுத் தோலைக் கையில் சுற்றி, அண்ணனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, கண்தெரியாத தன் அப்பனை ஏமாற்றியவன்தான். ஆடும் உடுப்பும் அந்தக் குடும்பத்தை விடவில்லை.)

சில நாள் கழித்து 45-ஆம் அதிகாரம் வந்தது. கணக்குப் பார்த்தால் இடையில் இருபத்திரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. அதே பிள்ளைகள் எகிப்திலிருந்து திரும்பி வந்து, யோசேப்பு உயிரோடிருக்கிறான், அந்தத் தேசத்துக்கே அதிபதியாயிருக்கிறான் என்று யாக்கோபிடம் சொல்கிறார்கள். மெய்யான செய்தி, அதிலும் நல்ல செய்தி. அவன் இருதயம் மூர்ச்சை அடைந்தது, அவன் அவர்களை நம்பவில்லை என்று வாசித்தேன். வாசித்துவிட்டு நின்றுவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அப்பா "எய்யா, இருக்கியா?" என்று கேட்டார்.

பொய்யை ஒரே பார்வையில் நம்பியவன் மெய்யை நம்பவில்லை. எப்படி நம்புவான்? சொல்கிற வாய் அதே வாய். அங்கியைக் கொண்டுவந்த அதே ஆட்கள்தான் இந்தச் செய்தியையும் கொண்டுவருகிறார்கள். அவர்கள் பொய் சொன்னது அவனுக்கு இன்னும் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம், தெரிந்ததாக வேதத்தில் எங்கும் எழுதவில்லை, ஆனாலும் அப்பன் மனசுக்கு ஏதோ தெரிந்திருக்கும். ஐந்து வருஷமாக எனக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் நீளமாக உளறிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வசனத்தில் இருந்தது. உயிர்த்தெழுதல் அறிவுக்குப் பொருந்தவில்லை என்பதெல்லாம் அப்புறம் நானாகத் தேடிக்கொண்ட காரணம். அந்தச் செய்தி எனக்கு எண்ணெய் பூசிய கைகளிலிருந்து வந்தது, கவர் வாங்கின கைகளிலிருந்து வந்தது, அதுதான் விஷயம்.

"மேல வாசி," என்றார் அப்பா. வாசித்தேன். தன்னை ஏற்றிக்கொண்டு போகும்படி யோசேப்பு அனுப்பின வண்டிகளை அவன் கண்டபோது, யாக்கோபின் ஆவி உயிர்த்தது.

"வண்டியப் பாத்த பொறவுதான் நம்புதான் பாத்தியா? ஒன் தொழிலுதாம்ல," என்று சிரித்தார்.

அவர் தமாஷுக்குச் சொன்னார், நான் படுத்துக்கொண்டு யோசித்தேன். வண்டி எப்படி ஆதாரம் ஆகும்? வண்டியை யாரும் எங்கேயும் வாங்கலாம். ஆனால் அது பஞ்சகாலம். தானியம் வாங்கத் தேசம்விட்டுத் தேசம் போன ஆட்கள் அவர்கள். பார்வோன் கட்டளையில் வந்த வண்டிகள், எகிப்தின் உச்சிதமான பொருட்களைச் சுமந்த பத்துக் கழுதைகள், தானியமும் அப்பமும் சுமந்த பத்துக் கோளிகைக் கழுதைகள். அந்தப் பத்துப் பேருடைய யோக்கியதை யாக்கோபுக்கு நன்றாகத் தெரியும். அங்கியை அவர்கள் தயாரிக்க முடியும், ஓர் ஆடு போதும். வண்டியை அவர்கள் சாமர்த்தியத்துக்குத் தயாரிக்க முடியாது. என் தொழிலில் மயிலிறகுக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். யாக்கோபு பிள்ளைகளை நம்பி வண்டி ஏறினதாக எனக்குத் தோன்றவில்லை, அவர்கள் கையில் இருந்தும் அவர்களுடையது அல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டான்.

இன்னொரு சின்ன விஷயம். அண்ணன்மாரை அனுப்பும்போது, போகிற வழியில் சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள் என்று யோசேப்பு சொல்லி அனுப்புகிறான். இந்த வசனத்தைத் திருமண்டலத் தேர்தல் வாக்குச்சீட்டில் அச்சடிக்கலாம்.

சந்தேகம் என்று பேச்செடுத்தால் எல்லோரும், தொட்டுப் பார்த்தால்தான் இயேசு எழுந்ததை நம்புவேன் என்று சொன்ன சீஷர் தோமாவைத்தான் இழுப்பார்கள். நான் குடியிருப்பது பரங்கிமலைப் பக்கம், அவர் அங்கேதான் குத்துப்பட்டுச் செத்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற நம்பிக்கை, தினமும் ரயிலிலிருந்து மலையைப் பார்க்கிறவன் என்கிற உரிமையில் அவருக்காக ஒரு வார்த்தை பேசுகிறேன். உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் இயேசு மற்றச் சீஷர்களுக்குக் கையையும் விலாவையும் காண்பித்தார். தோமா அங்கே இல்லை. அவர் கேட்டது மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைத்ததைத்தான், தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் கூடுதல், அதுவும் தொட்டார் என்று எழுதியில்லை. ஆனால் பிரசங்கங்களில் யாரும் தொடாத ஓர் இடம் உண்டு. எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வருகிறபோதும் கதவுகள் பூட்டியே இருக்கின்றன. அதாவது, ஆண்டவரைக் கண்டோம், ஆண்டவரைக் கண்டோம் என்று ஒரு வாரமாகத் தோமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. சாவை ஜெயித்தவரைப் பார்த்துவிட்டேன் என்று ஒருவன் சொல்கிறான், தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் ஜன்னலோரமாக ஒதுங்குகிறான் என்றால், சர்வேயர் என்ன எழுதுவார்? மரிக்கும்படி நாமும் அவரோடேகூடப் போவோம் வாருங்கள் என்று முன்பு பெத்தானியாவுக்குக் கிளம்பியவர் இந்தத் தோமா. கெத்செமனேயில் சிதறி ஓடிய கூட்டத்தில் அவரும் உண்டு. அதனால் அந்த வாய்களுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும்.

சுவிசேஷங்களும் இதை மறைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். லூக்காவில் பெண்கள் ஓடிவந்து சொல்ல, அப்போஸ்தலர்களுக்கு அது வீண்பேச்சாகத் தோன்றியது. மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் மலைமேல் அவரைப் பார்த்துப் பணிந்துகொண்ட பிறகும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". மாற்குவின் மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டு, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பெண்கள் பயந்துபோய் யாருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. கல்லறைக்கு எத்தனை பெண்கள் போனார்கள், எத்தனை தூதர்கள் இருந்தார்கள் என்பதிலும் நாலு பேர் நாலு விதம். இப்படி ஒத்துப்போகாததே மெய்க்கு அடையாளம் என்று சிலர் துள்ளுவார்கள். சரி, ஜோடித்த கதை இதைவிட வழவழப்பாக இருக்கும் என்பது என் தொழில் அனுபவம். ஆனால் நாலு விதமாகச் சொல்லப்பட்ட பொய்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை வைத்து யாரையும் வாயடைக்க மாட்டேன்.

லூக்காவில் ஒரு வரி மட்டும் என்னை விடவில்லை. இயேசு நடுவில் வந்து நிற்கிறார், கையையும் காலையும் காட்டுகிறார், "சந்தோஷத்தினால் அவர்கள் இன்னும் நம்பாமல்" இருக்கிறார்கள். சந்தோஷத்தினால். அவர் விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதை அவர்களுக்கு முன்பாகவே சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் மோசமான ரிப்போர்ட் வந்தால் யாரும் இரண்டாவது ஆளைக் கேட்காமல் நம்பிவிடுகிறோம் என்று சொல்ல வந்தேன், எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அம்மா போன பிறகு, ஒன்று நல்லதாக இருந்தாலே அது பொய்யாகத்தான் இருக்கும் என்று மனசு முடிவுகட்டிவிட்டது. பொண்ணுக்கு முதல் முயற்சியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தபோது இணையதளத்தில் நம்பரை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன்.

அங்கியையும் வண்டியையும் ஒரே கையிலிருந்து வாங்கிய கதை என் வீட்டோடு முடிவதில்லை, எங்கள் தமிழ்ச் சபைக் கதையே அதுதான். 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்க் என்கிற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் ராஜா. அதே டென்மார்க் வியாபாரக் கம்பெனியின் கோட்டைத் தளபதி இரண்டு வருஷத்தில் அவரைப் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தார். காசு பண்ண வந்தவர்களும் சுவிசேஷம் சொல்ல வந்தவர்களும் ஒரே கொடியின் கீழ்தான் வந்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது, அதுவும் அங்கேதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774-இல் பிறந்து 1864 வரை இருந்தவர், அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு நல்லது கெட்டது நடக்காது. கோயிலுக்குள் சாதி வித்தியாசத்தை விடுங்கள் என்று புதிதாக வந்த மிஷனரிகள் சொன்னபோது, முடியாது என்று எதிர்த்து எழுதியவரும் அவர்தான். அம்மாவை அடக்கம் செய்தபோது அவர் பாட்டைத்தான் பாடினோம், எனக்கு அழுகை வந்ததும் அந்தப் பாட்டில்தான், இதை என்ன செய்வது?

திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கிற சுவர் இருந்தது செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. மரித்தோர் உயிர்த்தெழுவார்கள் என்று அறிக்கை செய்கிற ஆட்கள், எழுந்து வருகிறவர்கள் கலந்துவிடக் கூடாதென்று சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் சுவர் கிடையாது. கோயிலிலும் இப்போது யாரும் எங்கேயும் உட்காரலாம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பனைமரம் நிற்கிறது. அந்தப் பனைக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

2022 ஈஸ்டர் ஏப்ரல் 17-ஆம் தேதி வந்தது. அப்பாவுக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்திருந்தது, இருட்டில் நடக்கப் பயந்தார். அதிகாலை நாலு மணி ஆராதனைக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகவில்லை, அவரை வாசலில் விட்டுவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் அம்மாவின் கல்லறைக்கு நடந்தேன். ஐந்து வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். எருக்கும் உடைமுள்ளும் மண்டிக் கிடக்கும், கொஞ்சம் வெட்டிவிடலாம் என்று நினைத்துப் போனால், சுற்றிலும் பெருக்கி வாரிய தடம். தேரி மண்ணில் ஈர்க்கு இழுத்த கோடு கோடாக. கல்லின் மேல் ஒரு பனையோலை இல்லை. தலைமாட்டில் ஓர் ஆள் குந்தியிருந்தது. ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்துவிட்டது, ஈஸ்டர் விடிகாலை, கல்லறை, யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது.

கோயில்பிள்ளையின் பெண்சாதி. கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, கோயிலைத் திறந்து பூட்டிக் கவனித்துக்கொள்கிறவர். அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். பனைக்கு அந்தப் பக்கத்து ஆள்.

"யாரு, டீச்சர் மவனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வார ஆரம்பித்தார்கள்.

அப்பா ஏதாவது காசு கொடுத்து ஏற்பாடு செய்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். தொழில் புத்தி. பிறகு அப்பாவிடம் கேட்டால், அவர் கண் மங்கின பிறகு கல்லறைக்கே வந்ததில்லை, கோயிலோடு திரும்பிவிடுவார், யார் வாருகிறார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து வருஷமாக, சனிக்கிழமைதோறும், ஆள் நடமாட்டத்துக்கு முன்னால் வந்து போயிருக்கிறார்கள். காரணம் கேட்டதற்கு, "டீச்சர்தான எனக்கு வேதம் வாசிக்கப் படிச்சுக் குடுத்தாக. கல்யாணம் முடிஞ்சு வந்த பொறவு, அடுப்படித் திண்ணையில ஒக்கார வச்சு," என்றார்கள். இது எனக்குத் தெரியாது. பதினோரு நாள் மாத்திரை இல்லாமல் கிடந்த அம்மாவை மட்டுமே ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், திண்ணையில் ஒரு பெண்ணுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த அம்மா எங்கேயோ போய்விட்டிருந்தாள்.

நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். அவர்களுடைய மூத்த மகன் லாரி மோதி இறந்தது ஊருக்கே தெரியும். இதெல்லாம் நம்புறீங்களா, அவன எழுப்புவாருன்னு, என்று கேட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இல்லை.

வாரியலைத் தரையில் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டே சொன்னார்கள்: "செல நாளு நம்புவேன் தம்பி. செல நாளு நம்பிக்க வராது. வாருறத மட்டும் நிறுத்துறதில்ல."

கோயிலில் மணி அடித்தது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஐயர் மைக்கில் சொல்ல, மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று சபை சொன்ன சத்தம் தேரிக் காற்றில் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் உதட்டை அசைத்தார்கள். நான் அசைக்கவில்லை.

இது ஆதாரமா என்றால், இல்லை. இதை வைத்து ஒரு முன்விளக்கை மாற்றக்கூட நான் சிபாரிசு எழுத மாட்டேன். நன்றியுள்ள மனுஷர்கள் எல்லா மதத்திலும் உண்டு, மதமே இல்லாதவர்களிலும் உண்டு. ஆனால் எங்கள் ஊரையும் எங்கள் ஆட்களையும் எனக்குத் தெரியும். எண்ணெய் பூசுவதை எங்களால் செய்ய முடியும், தீர்க்கதரிசனம் எத்தனை வேண்டுமானாலும் சொல்ல முடியும், கூட்டம் சேர்க்க முடியும், கோபுரம் கட்ட முடியும். அதெல்லாம் அங்கி, ஓர் ஆடு போதும். அந்தப் பனைமரத்தைத் தாண்டி வந்து, யாரும் பார்க்காத நேரத்தில், தன்னை அடுப்படித் திண்ணைக்குமேல் உள்ளே கூப்பிடாத ஒரு வீட்டுக்காரியின் கல்லறையை வருஷக்கணக்காக வாருவது எங்கள் சாமர்த்தியத்தில் வராது. ஆமாம், அம்மா அவர்களைத் திண்ணையில்தான் உட்கார வைத்தாள், உள்ளே அழைக்கவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகிறேன். ஒழுங்காக என்று சொல்ல முடியாது. விசுவாசப்பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்கிற இடம் வரும்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வேன், சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருமிக்கொள்வேன். சுவிசேஷத்தில் வருகிற வியாதிப் பையனின் தகப்பன் இயேசுவிடம் சொன்ன, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்பதைத்தான் ஜெபம் என்று ஏதாவது செய்தால் செய்கிறேன். அந்தத் தகப்பன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான், பையனும் குணமானான். என் அம்மா குணமாகவில்லை. அந்த இடத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. யாக்கோபுகூட வண்டி ஏறின பிறகு பெயெர்செபாவில் இறங்கிவிடுகிறான். எகிப்துக்குப் போகப் பயப்படாதே என்று அங்கே அவனுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பயப்படாதே என்று சொன்னால் பயந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். அப்போது மகன் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

இந்த வருஷ ஈஸ்டருக்கும் ஊருக்குப் போனேன். அந்த அம்மாளுக்கு முட்டிவலி, குனிய முடியவில்லை, கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாரியலை என் கையில் கொடுத்தார்கள். அம்மாவின் கல்லறையைச் சுற்றி வாரினேன், கோடு நேராக வரவில்லை, "சவத்தெளவு, எழுத்தப் பாரு," என்று சிரித்தார்கள். முடித்துவிட்டு வாரியலைச் சுவரில் சாய்க்கப் போனபோது, பனைமரத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார்கள்.

"எம்மவன் அங்க கெடக்கான். அவனுக்கும் ஒரு வாரு வாரிட்டுப் போ தம்பி."

நாற்பத்தாறு வயதாகிறது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் நான் போனதில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். மண் இந்தப் பக்கம் மாதிரியேதான் இருந்தது, கொஞ்சம் முள் அதிகம்.